ஒரு கல்லை ஒருவர் படித்துவிட முடியாது

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி போன் செய்து தலைப்பு கேட்டபோது, "இடைக்கால உலகத்தைப் படிப்பது எப்படி" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணே, சாப்பாட்டுக்கு முந்தின பேச்சுண்ணே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றார். பார்த்துத்தான் செய்யப்போகிறேன். பிரியாணி வாசம் எனக்கும் வருகிறது.

நான் இங்கே பி.ஏ. வரலாறு படித்தது 1971 முதல் 1974 வரை. முதலாண்டு அரைப் பரீட்சை லீவில் ஊருக்குப் போனேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் தெற்குச் சுவர் முழுக்க எழுத்து. அப்பத்தா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், "நீ சரித்திரம் படிக்கிறியாமே, இதுல என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஓர் எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. பானிபட் போர் மூன்றுக்கும் வருஷம் தெரியும். எங்கள் ஊர்ச் சுவரில் இருந்தது தமிழ் என்பதே தெரியவில்லை. "அடுத்த லீவுல படிச்சுச் சொல்றேன் அப்பத்தா" என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்த அடுத்த லீவு வரவே இல்லை. வேறொரு கல்லூரியில் ஆசிரியராகி, 'இடைக்கால இந்தியா' என்ற தாளை 30 வருஷத்துக்கு மேல் நடத்தினேன். இடையில் ஒரு திருப்பணி நடந்தது. சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று எந்திரம் வைத்து மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். சுவர் புதுசு போல வெளுத்தது. எழுத்து போய்விட்டது. அதற்கு முன்னால் யாரும் மைப்படி எடுத்து வைக்கவும் இல்லை. அடித்தவர்களுக்கு அது அழுக்கா எழுத்தா என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். கும்பாபிஷேகப் பத்திரிகையில் நன்கொடையாளர் பட்டியலில் என் பெயரும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை இன்றைக்கு ஏன் சொல்கிறேன்? என் அண்ணன் பேத்தி இங்கிலாந்தில் வளர்ந்த பெண். பள்ளிப் படிப்பு முடித்ததும் 'இடைக்கால உலக ஆய்வு' என்ற பி.ஏ. டிகிரியில் சேரப் போவதாகச் சொன்னாள். அவள் அப்பா எனக்குப் போன் செய்தான். "சித்தப்பா, கம்ப்யூட்டர் படின்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க வாத்தியார், நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றான். சரி என்று அவளிடம் பேசினேன். என்னென்ன பாடம் என்று கேட்டேன். அவள் விளக்கமாகச் சொல்லிவிட்டு, "சின்னத் தாத்தா, நீங்க மெடீவல் இண்டியா அத்தனை வருஷம் நடத்தினீங்களே, மூல நூலெல்லாம் எந்த மொழியில படிச்சீங்க?" என்று கேட்டாள். "இங்கிலீஷ்ல" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தி சொல்லப் போனவன் புத்தி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது என்ன டிகிரி? 5ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை சுமார் ஆயிரம் ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு 'இடைக்காலம்' என்று பெயர் வைத்தது ஐரோப்பா. கிரேக்க, ரோமப் பெருமைக்கும் தங்கள் மறுமலர்ச்சிக்கும் நடுவில் கிடந்த காலம் என்று நினைத்து வைத்த பெயர். ராஜராஜனிடம் போய் "ஐயா, நீங்கள் இடைக்காலத்து ஆள்" என்று சொன்னால் எதற்கு இடை என்று கேட்பார். பெயர் கிடக்கட்டும், படிக்கும் முறைதான் முக்கியம்.

நம் ஊரில் வரலாறு ஒரு துறை, இலக்கியம் ஒரு துறை, தத்துவம் ஒரு துறை. அந்த டிகிரியில் காலம்தான் துறை. அந்தக் காலத்தைப் பற்றி யாரிடம் என்ன அறிவு இருக்கிறதோ அத்தனை வாசலுக்கும் மாணவர் போக வேண்டும். வரலாறு, இலக்கியம், சமயம், கலை, தொல்லியல் எல்லாம் உண்டு. பல இடங்களில் லத்தீனோ வேறு ஒரு பழைய மொழியோ கற்க வேண்டும். பழைய கையெழுத்தைப் படிக்கும் கலை ஒரு தனிப் பாடம். கேம்பிரிட்ஜில் 'ஆங்கிலோ-சாக்சன், நோர்ஸ், கெல்டிக்' என்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. பழைய ஆங்கிலம், பழைய நோர்ஸ், இடைக்கால ஐரிஷ், வேல்ஸ் மொழிகள், லத்தீன், இவற்றோடு வரலாறும் சுவடி இயலும் ஒரே டிகிரிக்குள் வருகின்றன. இது நேற்று முளைத்த மோகமும் அல்ல. அமெரிக்க இடைக்கால ஆய்வுக் கழகம் 1925இல் தொடங்கியது.

உதாரணத்துக்கு 'டூம்ஸ்டே' என்ற கணக்குப் புத்தகம். 1086இல் இங்கிலாந்து ராஜா நாடு முழுக்க நிலம், உழுமாடு, ஆலை எல்லாம் எண்ணச் சொல்லி எழுதியது. அதன் ஒரு தொகுதியில் ஆடும் பன்றியும்கூட எண்ணிக்கையோடு இருக்கின்றன. எழுதியது ஆட்டுத்தோலில். மொழி லத்தீன், அதுவும் பாதிச் சொல்லை விழுங்கிய சுருக்கெழுத்து. எழுத்து தெரிந்தால்தான் சொல் வரும், லத்தீன் தெரிந்தால் பொருள் வரும், நிலவரி முறை தெரிந்தால் விஷயம் வரும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் புத்தகம் மூடினபடிதான்.

பேத்தி சொன்ன இன்னோர் உதாரணம் என்னைத் தூங்கவிடவில்லை. 1347இல் மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இறங்கி, சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மக்களைக் கொன்ற பெருங்கொள்ளைநோய் எங்கிருந்து கிளம்பியது என்பது நெடுநாள் வழக்கு. கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரிப் பக்கம் பழைய கல்லறைகள் இருக்கின்றன. 1880களிலும் 1890களிலும் ரஷ்யர்கள் அவற்றைத் தோண்டினார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள். கல்லில் எழுதியிருப்பது சிரியாக் மொழி, பக்கத்துக் கேரளத்தில் வழிபாட்டில் இன்றும் கேட்கிறோமே, அதே மொழி. தேதியுள்ள 467 கற்களில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் சிலவற்றில் 'கொள்ளைநோயால் இறந்தார்' என்றே இருக்கிறது.

ஒரு வரலாற்றாசிரியர் அந்த எண்ணிக்கையைக் கவனித்தார். ஆனால் எந்த நோய் என்று கல் சொல்லவில்லை. மரபணு விஞ்ஞானிகளோடு சேர்ந்தார்கள். அங்கே தோண்டி எடுத்து ரஷ்ய அருங்காட்சியகத்தில் வைத்திருந்த எலும்புகளில் 7 பேருடைய பற்களை ஆராய்ந்தார்கள். 3 பேரிடம் பிளேக் கிருமியின் மரபணு கிடைத்தது. ஐரோப்பாவில் பரவிய கிருமிக்கு அது மூதாதை என்று 2022இல் வெளியிட்டார்கள். எண்ணிப் பாருங்கள். சிரியாக் தெரிந்தவருக்குக் கிருமி தெரியாது. கிருமி தெரிந்தவருக்கு எந்தக் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. கல்லும் எலும்பும் 130 வருஷம் தனித்தனியே காத்திருந்தன.

இதைக் கேட்டதும் எனக்குக் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு கல் ஞாபகம் வந்தது. சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு தேதி. 1911இல் காலி நகரத்தில் கண்டெடுத்தபோது ஒரு வடிகாலுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. மூன்றிலும் ஒரே செய்திதான் என்று நினைப்போம். அதுதான் இல்லை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்ற காணிக்கை வரிசை பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஆனால் சீனப் பகுதியில் காணிக்கை புத்தருக்கு. தமிழ்ப் பகுதியில் தென்னிலங்கைத் தெவிநுவரையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனாருக்கு, அதாவது திருமாலுக்கு. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது.

சீனம் மட்டும் தெரிந்தவர், ஜெங் ஹே புத்தரை வணங்கினார் என்று எழுதுவார். தமிழ் மட்டும் தெரிந்த நாம், சீனாக்காரர் நம் பெருமாளைக் கும்பிட்டார் என்று மேடை போட்டுப் பேசுவோம். இரண்டும் பொய்யில்லை, இரண்டும் முழுசும் இல்லை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தக் கடற்கரையில் வியாபாரம் செய்தவர்கள் யார் யார், சீனக் கப்பல் யார் யாரை அனுசரித்துப் போக வேண்டியிருந்தது என்பது தெரிகிறது. இந்த உலகத்துக்குத் தமிழும் ஒரு சாவி. ஒரே சாவி என்று நினைத்துவிடக் கூடாது.

மாணவர்கள் மனசில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். "சார், வேலை கிடைக்குமா?" நேராகச் சொல்கிறேன். அந்த டிகிரிக்கென்று யாரும் நாற்காலி போட்டு வைத்திருக்கவில்லை. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், நூலகம், பதிப்பகம், ஆசிரியர் பணி என்று போகிறார்கள். சம்பந்தமில்லாத வேலைக்கும் போகிறார்கள். இன்னொரு குறையும் சொல்வார்கள்: எல்லாவற்றிலும் கொஞ்சம், எதிலும் ஆழமில்லை என்று. அது நியாயமான பயம். பழைய மொழியையும் எழுத்தையும் அவர்கள் விடாமல் பிடித்துக்கொள்வது அதற்காகத்தான். ஏதாவது ஒன்றை அடிவரை கற்றவனுக்குத்தான், தன் அறிவு எங்கே முடிகிறது, அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரியும். அந்தக் குணம் எந்த வேலைக்கும் உதவும். என்னிடம் அது இல்லாமல் போனதால் ஒரு சுவர் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்து கல்வெட்டு எழுத்து கற்றேன். வகுப்பில் நான்தான் தாத்தா. பிறகு ஊருக்குப் போனேன். கோயிலைச் சுற்றி மண் மேடேறிப் போனதால், சுவரின் அடிவரிசைக் கல் மண்ணுக்குள் புதைந்திருந்தது. அதனால் மணல் வீச்சுக்குத் தப்பியிருக்கிறது. கோயில் பொறுப்பில் இருந்தவர்களிடம் கேட்டு, மண்ணை ஒதுக்கிப் பார்த்தோம். நாலு வரி, அதுவும் அரைகுறை. 'நுந்தா விளக்கு', 'சாவா மூவாப் பேராடு தொண்ணூறு', 'நிசதம் உழக்கு நெய்' ஆகியவை தெளிவாக இருந்தன. கொடுத்தவர் பெயர் இருந்த மேல்வரிசை போய்விட்டது.

அணையா விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு விடுவது சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கணக்கு. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பொறுப்பு. அதனால் கணக்கில் அது சாவா மூவா ஆடு. தினம் ஓர் உழக்கு நெய்க்கு 90 ஆடு ஏன், அதில் கறவையில் எத்தனை இருக்கும் என்பதை விலங்கியல் மாணவர் சொல்ல வேண்டும். இடையருக்கு என்ன மிஞ்சியது என்பதைப் பொருளியல் மாணவர் கணக்குப் போட வேண்டும். சொல்லைத் தமிழ்த் துறை படிக்க வேண்டும். காலத்தை எழுத்தின் வடிவம் பார்த்து வரலாற்றுத் துறை சொல்ல வேண்டும். இங்கிலாந்து ராஜா எண்ணிய ஆடும் நம் ஊர் ஆடும் ஏறக்குறைய ஒரே காலத்து ஆடுகள். அவர்கள் ஆட்டைப் படிக்க டிகிரி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் படித்தபோது தமிழ்த் துறை மாடியில், வரலாறு கீழே, விலங்கியல் பின்கட்டில். ஒரு துறை ஆள் இன்னொரு துறை வாசலை மிதித்தது கேன்டீனுக்குப் போகிற வழியில்தான். புது டிகிரி கொண்டுவருவது பெரிய காரியம், சிலபஸ் கமிட்டி வேலை. அதை நான் கேட்கவில்லை. சனிக்கிழமை 2 மணி நேரம், 12 வாரம், ஒரு வகுப்பு கேட்கிறேன். கல்வெட்டு எழுத்து நான் சொல்லித்தருகிறேன். துறைக்கு ஒருவராக 3 பேர் ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊர்ப்பக்கத்துக் கல் ஒன்றை, உரிய அனுமதியோடு, படம் எடுத்துப் படித்து, மூவரும் சேர்ந்து ஒரே கட்டுரை எழுத வேண்டும். சங்கம் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. பஸ் செலவும், அச்சடிக்கும் செலவும் கொடுத்தால் போதும். அடுத்த ஆண்டு மலரில் என் பேச்சு வேண்டாம், அந்தக் கட்டுரைகளைப் போடுங்கள்.

கேட்ட அப்பத்தா இன்று இல்லை. நாலு வரியையும் அந்தச் சுவர்முன் நின்று உரக்கப் படித்துவிட்டு வந்தேன். உங்களுக்கும் ஊரில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார்கள். அப்போது "அடுத்த லீவுல" என்று சொல்லாதீர்கள்.