மாதிரிப் பிரதிக்கு எல்லை எங்கே?



மாம்பழக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். வியாபாரி கறுத்தக்கொழும்பான் பழமொன்றை எடுத்து, கத்தியால் ஒரு கீற்று அரிந்து, வாங்க வந்தவரின் கையிலே வைக்கிறார். தின்றவர் தலையை அசைத்தால் ஒரு டசின் விற்பனையாகும். அசைக்காவிட்டால் போனது ஒரு கீற்று. அந்தக் கீற்று எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்று எண்ணி அவர் நித்திரை கெடுவதில்லை.

மென்பொருள் செய்து விற்பவருடைய நிலைமை வேறு. இன்னுமொரு பிரதி எடுக்க அவருக்குச் செலவேதும் இல்லை. ஆதலால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் முழுவதையும் கொடுத்துவிட்டால் வாங்கவேண்டிய தேவை யாருக்கு இருக்கும்? மிகவும் குறைத்துக் கொடுத்தாலோ அதன் அருமை எவருக்குத் தெரியும்? இலவசமாகக் கொடுக்கும் மாதிரிப் பிரதிக்கு எங்கே எல்லை வகுப்பது என்னும் வினாவோடு சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நான் கலைப்பட்டதாரி. கணினியின் உட்புறம் எனக்குப் புரியாத உலகம். ஆயினும் அவர் கேட்டதிலே கணினியைக் காட்டிலும் மனித சுபாவமே மிகுதியாக இருந்தபடியால் இரண்டு மாலைப் பொழுதுகளை அவருடன் செலவிட்டேன்.

அவர் செய்திருந்தது பாடசாலைகளுக்கான புள்ளிக் கணிப்பு மென்பொருள். தவணைப் பரீட்சை முடிந்ததும் வகுப்பாசிரியர் படும் பாடு உங்களுள் ஆசிரியராய் இருப்போர் அறிந்ததே. பாட ஆசிரியர்களைத் துரத்திப் புள்ளிகளைத் திரட்டி, கூட்டி, சராசரி கண்டு, நிலை வகுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தேர்ச்சி அறிக்கை எழுதவேண்டும். இம்மென்பொருள் அவ்வளவையும் சில நிமிடத்திற் செய்து அறிக்கையையும் அச்சிட்டுத் தருகிறது. இரண்டு ஆண்டுகள் இதற்காக உழைத்திருக்கிறார். வேறு வருமானம் இல்லை. வீட்டிலே தாயாரும் மணமாகாத தங்கையும். அவர் மனத்தில் இருந்த ஏற்பாடு இதுதான்: முப்பது நாள் இலவசம், முப்பத்தோராம் நாள் பூட்டு.

இச்சிக்கல் புதியதன்று. 1982ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் அன்ட்ரூ ஃபுளூகல்மன் என்பவர், தொலைபேசிக் கம்பிவழியே கணினிகளைத் தொடர்புபடுத்தும் பிசி-டோக் என்ற மென்பொருளை வெளியிட்டார். எவரும் எவருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் 25 டொலர் அனுப்புங்கள் என்றார். அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணிபுரிந்த ஜிம் நொஃப், 'ஜிம் பட்டன்' என்ற பெயரோடு பிசி-ஃபைல் என்னும் மென்பொருளை வெளியிட்டு 10 டொலர் கேட்டார். எல்லை ஒன்றும் வகுக்கவில்லை. பயன்படுத்துவோரின் மனச்சாட்சியே பூட்டாக இருந்தது. கேட்பவர்க்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நொஃப் சில ஆண்டுகளில் உத்தியோகத்தை விட்டுவிட்டு அவ்வருவாயைக் கொண்டே வாழ்ந்தார். 1983இல் பொப் வொலஸ் என்பவர் பிசி-ரைட் என்னும் எழுத்து மென்பொருளை வெளியிட்டபோது, பணம் செலுத்திப் பதிவு செய்தவர் தம் பிரதியைப் பிறருக்குக் கொடுத்து, அவரும் பதிவு செய்தால், முதலாமவருக்குத் தரகு கிடைக்கும் என்று ஓர் உபாயம் கண்டார். நமது ஊர்ச் சீட்டுக்காரர்கள் மெச்சக்கூடிய ஏற்பாடு!

பின்வந்தோர் பண்டத்தையே துண்டு போட்டார்கள். 1993 டிசம்பர் 10ஆம் திகதி வெளியான 'டூம்' என்னும் விளையாட்டிலே மூன்று பாகங்கள். முதலாவது பாகம் முற்றிலும் இலவசம். ஏனைய இரண்டும் விலைக்கு. இதில் நான் கவனித்தது ஒன்று. கொடுத்த பாகம் அரைகுறையானதன்று. தொடக்கமும் முடிவும் உடையது. முடித்தவனுக்கு மனநிறைவும் உண்டு, அடுத்ததிலே ஆவலும் உண்டு. தொடர்கதை எழுதுவோர் இந்த வித்தையைக் கணினி பிறப்பதற்கு முன்னமே அறிந்திருந்தனர்.

வின்றார் என்னும் கோப்புச் சுருக்கும் மென்பொருளை உங்களிற் பலர் பாவித்திருப்பீர்கள். நாற்பது நாள் சோதித்துப் பாருங்கள் என்கிறது. நாற்பது நாள் கடந்த பின்னும் கதவு மூடுவதில்லை; பணம் செலுத்தும்படி சிறு அறிவித்தல் மாத்திரம் தோன்றும். வீட்டிலே பாவிப்பவர் அதைத் தள்ளிவிட்டுப் போகிறார். கணக்காய்வுக்கு அஞ்சும் கந்தோர் அப்படிப் போக இயலாது.

இவற்றையெல்லாம் என் மாணவரே எனக்குச் சொன்னார். அவர் அறியாதிருந்தது பாடசாலையின் நாட்காட்டி. "தம்பி, முப்பது நாளில் என்னுடைய ஆசிரியர் எவரும் இதைத் திறந்தும் பார்க்கமாட்டார்" என்றேன். பரீட்சை வருவது தவணைக்கு ஒரு முறை. தவணை நடுவிலே மென்பொருளைப் பெற்றுக்கொண்டவர், புள்ளி கையில் வரும்போது பூட்டைத்தான் காண்பார். விருப்பங்கொண்டு வாங்க நினைத்தாலும் அது அதிபர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் காசா? பாடசாலை அபிவிருத்திக் குழு கூடவேண்டும், விலைக்கூறல்கள் பெறவேண்டும், காசோலையில் இருவர் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிடவேண்டிய ஒருவர் கொழும்புக்குப் போயிருப்பார். முப்பது நாள் எந்த மூலைக்கு? நாட்கணக்கு என்பது தினமும் திறக்கும் பண்டத்துக்குத் தகும். அதிலும் கணினியின் திகதியைப் பின்னுக்குத் தள்ளிவைத்துத் தவணையை நீட்டும் கெட்டிக்காரர் எங்கள் பத்தாம் வகுப்பிலேயே உளர்.

நேர எல்லையின் அனுபவம் எங்களுக்கு வேறொரு வகையிலும் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் ஸூம் வழியாகப் பாடம் நடத்தினார்கள். இலவசமாகப் பாவிப்போர் பலர் கூடும் கூட்டம் நாற்பது நிமிடத்தோடு நின்றுவிடும். எங்கள் பாடவேளையும் அன்று நாற்பது நிமிடம். பொருத்தமென்று எண்ணுவீர்கள். பிள்ளைகள் வந்து சேரவே பத்து நிமிடம் போகும்; "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலே ஐந்து நிமிடம். கணித ஆசிரியை ஒருவர் கணக்கின் கடைசி வரியை எழுதும் தறுவாயில் வகுப்பே மறைந்துவிடும். அதே இணைப்பை மறுபடி திறந்தால் வரலாம்தான். ஆனால் தந்தையின் கைபேசியில் மிஞ்சிய சிறிது இணையக் கொடுப்பனவோடு அமர்ந்திருந்த பிள்ளை திரும்பி வருவதில்லை. கைபேசியே இல்லாத வீடுகளைப் பற்றிப் பேசப் புகுந்தால் இன்றைய பொழுது போதாது. நாற்பது நிமிடக் கணக்கை வகுத்தவர் எங்கள் பிள்ளையை நினைத்திருக்க நியாயமில்லை. எல்லையின் வலி எவரிடத்தில் போய் விழுந்தது என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்னொரு வலியை நானே பட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நேரசூசி தயாரிக்கும் மென்பொருள் ஒன்றின் மாதிரிப் பிரதியை உப அதிபர் கண்டெடுத்தார். முப்பத்தெட்டு ஆசிரியர், பத்தொன்பது வகுப்பு; விஞ்ஞான ஆசிரியர் வெள்ளிக்கிழமை வலயக் கூட்டத்துக்குப் போவார்; சங்கீத ஆசிரியை இரண்டு பாடசாலைக்குப் பொது. அவ்வளவையும் மூன்று மாலைகள் இருந்து நாங்கள் உட்செலுத்தினோம். பொத்தானை அழுத்தியதும் கையால் இரண்டு கிழமை செய்யும் நேரசூசி மோதலேதுமின்றித் திரையிலே விரிந்தது. உப அதிபர் கைகொட்டிச் சிரித்தார். சேமிக்கப் போனோம். சேமிப்பதும் அச்சிடுவதும் பணம் செலுத்தியவருக்கு மாத்திரமாம். குழு கூடும்வரை கணினியை அணைக்காமல் வைத்திருப்போம் என்று எண்ணினோம். அன்றிரவே மின்சாரம் நின்றது.

விலை பெரியதன்று. முதல் நாளே சொல்லியிருந்தால் வாங்கியிருப்போம். மூன்று மாலை உழைப்பைப் பிணையாக வைத்துக்கொண்டு கேட்டபடியால் அடுத்த நாள் நான் வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுத்தேன். ஒருவன் தன் கையால் உட்செலுத்தியது அவனுடைய பொருள். அதை அவன் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதபடி எல்லையை வைப்பது பண்டத்தைக் குறைத்துக் கொடுப்பதாகாது, பிடித்து வைப்பதாகும்.

இக்கதையைக் கேட்ட என் மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "சரி சேர், ஒரு தவணை முழுவதும் திறந்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? ஒரு தவணை அறிக்கையை இலவசமாக எடுத்தவர்கள் அடுத்த தவணை வேறொருவருடைய பெயரில் மறுபடி எடுப்பார்கள்" என்றார். நியாயமான பயம். எங்கள் ஆசிரியர்களை நான் அறிவேன், என்னையும் அறிவேன்.

அறிக்கையின் குறுக்கே 'மாதிரி' என்று மங்கலாக அச்சிட்டால் என்ன என்றார். இதற்கு நான் உடன்படவில்லை. தேர்ச்சி அறிக்கை பெற்றோர் ஒப்பமிடும் ஆவணம். பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறது. காசு கொடாதவன் அதிபர். பெயரின் மீது கறை தாங்குவது பிள்ளை. ஆசிரியர்கள் அதற்காகப் பாவிக்காமல் விடுவார்கள் என்றும் எண்ணாதீர். சிலர் அப்படியே அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள் மாலையிலேதான் வழி தெரிந்தது. இதனால் மிகுந்த பயன் அடைபவர் யார், காசோலையில் ஒப்பமிடுபவர் யார் என்று பார்த்தோம். வகுப்பாசிரியருக்கு வேண்டியது தம்முடைய ஒரு வகுப்பு. அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அதிபருக்கு வேண்டியது முழுப் பாடசாலை. ஆறாம் வகுப்பின் மூன்று பிரிவுகளையும் ஒன்றாக நிலைப்படுத்திப் பார்க்கவேண்டும்; எந்தப் பாடத்தில் எந்த வகுப்புச் சரிகிறது என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவேண்டும்; வலயக் கல்வி அலுவலகம் கேட்கும்போது கொடுக்கவேண்டும். ஆகவே ஒரு வகுப்புக்கு எக்குறையுமின்றி, கால வரையறையுமின்றி, இலவசம். அறிக்கையிலே கறை இல்லை. புள்ளிகளை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகுப்பைச் சேர்த்து ஒன்றாகப் பார்க்க விரும்பினால் பணம்.

பத்தொன்பது ஆசிரியர் பத்தொன்பது இலவசப் பிரதிகளை வைத்துக்கொண்டால்? வைத்துக்கொள்ளட்டும் என்றேன். பத்தொன்பது பேர் ஓய்வறையிலே அதைப் பற்றிப் பேசுவார்கள். பத்தொன்பது தாள்களை வாங்கி மறுபடி கையாற் கூட்டவேண்டியவன் நான். ஒரு தவணை பொறுப்பேன். இரண்டாந் தவணை குழுவைக் கூட்டுவேன். கூட்டாத அதிபர்களும் இருப்பார்கள் என்பதை மறைக்கவில்லை. அவர்களிடமிருந்து முப்பது நாட் பூட்டாலும் அவர் சல்லிக்காசு பெற்றிருக்கமாட்டார்.

அவர் மடிக்கணினியைத் திறந்து அங்கேயே மாற்றம் செய்தார். ஒரு வகுப்பென்றால் எத்தனை பிள்ளை என்று எழுதவேண்டும் அல்லவா? நாற்பது என்று எழுதியிருந்தார். எங்கள் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் இடாப்பை எடுத்துக் காட்டினேன். நாற்பத்திரண்டு பெயர். "எந்த இரண்டு பிள்ளைகளை விடப்போகிறீர்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, நாற்பதை அழித்து ஐம்பது என்று எழுதினார்.