மூணாற்றில் ஒரு கணினியின் சூடு

மூணாறு குளிர்ந்த ஊர். அங்கே ஒரு கணினி சூட்டினால் நின்றுபோயிற்று என்றால் சமவெளி நேயர்கள் நகைக்கக்கூடும். சென்ற மழைக்காலம் வரை நானும் நகைத்திருப்பேன்.

தோட்டத் தொழிலாளரின் பணிக்காலக் கணக்குகளை வைத்திருந்த ஓர் அலுவலகத்திற்கு, 31 ஆண்டு கொழுந்து பறித்த என் அத்தையின் பணிக்கொடைக்காகச் சென்றிருந்தேன். கணக்கு முழுவதும் ‘சர்வர்’ என்ற பெரிய கணினியில் இருந்தது. அதுவோ சிறிது நேரம் ஓடுவதும் தானே அணைவதுமாக இருந்தது. போடிநாயக்கனூரிலிருந்து ஓர் இளைஞர் புதிய செயலியுடன் வந்திருந்தார்.

‘என் கணக்கு அழிந்துபோகுமா, தம்பி?’ என்றார் அத்தை.

‘இல்லை அம்மா. கணக்கு வேறு தட்டில் இருக்கிறது. இது கணக்குப் போடும் மூளைதான்.’

அந்த மூளை நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் உண்டு, அத்தனையையும் சூடாகவே வெளிவிடும். அதன்மேல் பல தகடுகள் கொண்ட உலோகக் கட்டி ஒன்று அமர்ந்திருக்கும். அதுதான் ‘ஹீட் சிங்க்’. இதைச் சிலர் வெப்ப விழுங்கி என்கிறார்கள். அது எதையும் விழுங்குவதில்லை; வாங்கிக் காற்றிடம் கொடுக்கிறது. மொழிபெயர்ப்பே தொழிலான நான், புகைபோக்கியை நினைந்து ‘வெப்பம்போக்கி’ என்பேன்.

மூணாறு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைந்த சூட்டையே ஏந்திச் செல்லும். வெளிக்குளிர் அதை ஈடுசெய்துவிடும்; ஆனால் மூடுபனிக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்திருந்தார்கள். கணினி தன் சூட்டையே திரும்ப மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

இளைஞர் கணினியை முறைப்படி அணைத்து, இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கினார். ஒன்றை மறந்தால் உள்ளே மின்சாரம் உயிரோடிருக்கும். மணிக்கட்டில் நிலைமின் பட்டையைக் கட்டிக்கொண்டு, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். வெப்பம்போக்கியை நேராக இழுக்காமல் மெல்லத் திருகி எடுத்தார். அடியில் இருந்த பசை காய்ந்த சந்தனம்போல் வெடித்திருந்தது! செயலிக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்ப வேண்டியது அந்தப் பசைதான்.

பழைய பசையைச் சாராயத் திரவத்தால் துடைத்தார். செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பீடத்தின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தார். அந்தப் பீடத்தில் தலைமயிர்போன்ற ஊசிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒன்று வளைந்தாலும் பலகையே வீணாகலாம். அப்போது அறையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு புதுப்பசையை அளவாக வைத்து, திருகாணிகளை மூலைக்கு மூலை இறுக்கினார். சன்னலையும் சற்றுத் திறக்கச் சொன்னார்.

விசிறிகள் முதலில் அலறின, பின் அடங்கின. ஒரு மணி நேரமாகியும் கணினி அணையவில்லை. திரையில் அத்தையின் பெயர் வந்தது. பணியில் சேர்ந்த ஆண்டு மட்டும் தவறாக இருந்தது. அதைத் திருத்த அங்கேயே அமர்ந்து ஒரு மனு எழுதினேன்.