வீட்டு வேலைக்கும் ஒரு செக்ரோல்

(பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் நடந்த மாதர் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



தோட்டத்தில் கணக்கில்லாத வேலை கிடையாது. காலையில் பெரட்டுக்குப் போனால் செக்ரோலில் பேர் விழுகிறது. கொழுந்து நிறுக்கும்போது கிலோ எழுதுகிறார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர் என்கிறார்கள். மாதம் முடிந்ததும் சம்பளச் சீட்டில் எல்லாம் வருகிறது. அதில் ஒரு பேர் விடுபட்டிருந்தால் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஒபிசுக்குப் போகிறோம். எழுத்தில் இருப்பதால்தான் நம்மால் கேட்க முடிகிறது.

ஆனால் பெரட்டுக்கு வருவதற்கு முன்பே நீங்கள் ஒரு நேர வேலையை முடித்துவிட்டுத்தானே வருகிறீர்கள்? இருட்டோடு எழும்பி, அடுப்பைப் பற்றவைத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறீர்கள். அந்தியில் கூடையை இறக்கியதும் விறகு, சமையல், துணி, வயதானவர்களுக்கு மருந்து. இந்த வேலையை எந்தச் செக்ரோலில் எழுதுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வேலை செய்த அக்காவிடம் "இன்றைக்கு என்ன செய்தீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் வீட்டில இருந்தேன் டீச்சர்" என்கிறார். எழுதாத வேலை செய்தவருக்கே மறந்துபோகிறது.

இதை ஒரு சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவரை ஒரே மலையில் நின்றாலும் பெண்ணின் பேருக்குக் குறைந்த காசு. அந்த வித்தியாசம் கணக்கில் பச்சையாகத் தெரிந்தது. அதனால் சங்கங்களால் அதைப் பிடித்துப் போராட முடிந்தது. வீட்டுக்குள்ளே இருக்கிற வித்தியாசம் இன்னும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

உலகம் இப்போது அதை எண்ணத் தொடங்கியிருக்கிறது. சர்வதேச தொழில் தாபனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 4 மணித்தியாலம் 25 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் கொடுப்பது 1 மணித்தியாலம் 23 நிமிடம். நம் நாட்டிலும் 2017இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மக்களின் ஒரு நாள் எந்தெந்த வேலையில் கழிகிறது என்று நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 இந்திய ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தார்கள். வீட்டு வேலையும் உழைப்புத்தான் என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஒரு பழைய கொப்பி போதும். ஒரு பக்கத்தில் நான்கு கோடு இழுங்கள். வேலை, செய்தவர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். இரவில் படுக்கும் முன் பத்து நிமிடம் எழுதினால் போதும். எழுதத் தெரியாத அம்மாமார் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். முதலில் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று, முடித்த வேலையை மட்டும் எழுத வேண்டும். செய்யாத வேலையை எழுதி "ஏன் செய்யவில்லை?" என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கொப்பி வீட்டுக்குள்ளே இன்னொரு கங்காணி ஆகிவிடும். வெளியே ஒரு கங்காணி இருப்பதே போதும். இரண்டாவது, வீட்டிலுள்ள எல்லோர் வேலையையும் எழுத வேண்டும். அண்ணன் விறகு பிளந்தால் அதுவும் ஏற வேண்டும். கணக்கு என்றால் எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும்.

வாரம் முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். முக்கியமாக, "செய்தவர்" என்ற இடத்தில் மகளின் பெயர் எத்தனை தடவை இருக்கிறது, மகனின் பெயர் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒப்படை செய்யாமல் வருகிற பிள்ளையை நாங்கள் வகுப்பில் ஏசுகிறோம். அவள் தம்பியைக் குளிப்பாட்டி, பாத்திரம் கழுவி முடிக்கும்போது இரவு ஒன்பது மணி ஆகிவிடுகிறது என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தை மீட்டுக் கொடுக்க முடிந்தால், அதைவிடப் பெரிய டியூஷன் கிடையாது. அண்ணன்மாரே, அந்த ஒரு மணித்தியாலம் உங்கள் கையிலும் இருக்கிறது. பாத்திரம் கழுவினால் கை தேயாது.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு லயத்தில் பத்துக் கொப்பிகளை எடுத்து, தண்ணீருக்கு மட்டும் எவ்வளவு நேரம் போகிறது என்று கூட்டிப் பாருங்கள். "தண்ணீர் கஷ்டம்" என்று சொன்னால் நிர்வாகம் தலையாட்டிவிட்டுப் போகும். "இந்த லயத்துப் பெண்கள் ஒரு வாரத்தில் இத்தனை மணித்தியாலம் பீலியில் நிற்கிறார்கள்" என்று எழுத்தில் வைத்தால், பதில் சொல்லியே ஆக வேண்டும். விறகும் அப்படித்தான், பிள்ளைமடுவம் திறக்கிற நேரமும் அப்படித்தான். குடும்பத்து இரகசியம் எதையும் சங்கம் கேட்கவில்லை. அந்தக் கூட்டுத் தொகையை மட்டும் மாதர் தலைவியிடம் கொடுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் அதை நாங்கள் வைக்கிறோம்.

தோட்டத்துக் கணக்கை இன்னொருவர் எழுதுகிறார், நாம் சரிபார்க்கிறோம். வீட்டுக் கணக்கை நாமே எழுதுவோம். வருகிற திங்கட்கிழமை தொடங்குவோம். கொப்பி இல்லாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள், நான் தருகிறேன்.