பழைய குரலும் புதிய மென்பொருளும்



நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் முதலிய வட்டாரங்களின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஒலிப்பதிவு இன்று வழக்கமான வேலையாகிவிட்டது. கலைவிழாவுக்கு மாணவர் பாடும் பாட்டு, கதைசொல்லும் போட்டிக்கு அனுப்பும் பதிவு, கோலாட்டத்துக்கு வெட்டி ஒட்டிய இசை ஆகியவை பள்ளிக் கணினியிலேயே உருவாகின்றன. இவற்றோடு வேறொரு வகைப் பதிவும் உண்டு. லயத்தில் வாழ்ந்து, பால்மரம் வெட்டி, பிள்ளைகளை வளர்த்த பாட்டிமார் பாடிய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அவை. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தோட்டப்புற நாட்டுப்பாடல்களைத் திரட்டி நூலாக்கியுள்ளனர். பாடலின் சொல் நூலில் நிற்கும். பாடியவர் எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லை இழுத்தார் என்பது ஒலியில்தான் நிற்கும். நீலாய்ப் பக்கமும் சென்டாயான் பக்கமும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட பிறகு, அந்தக் குரல்களைத் தேடி மறுபடி லயத்துக்குப் போக முடியாது. ஆகவே, ஒலிப்பதிவு மென்பொருள் பெரிய அளவில் மாறும்போது என்ன செய்வது என்பது கணினிப் பாட ஆசிரியரின் கவலை மட்டுமன்று.

இன்று எடுத்துக்காட்டாகக் கொள்வது ஆடாசிட்டி என்னும் மென்பொருள். விலையின்றிக் கிடைப்பதால் சிறிய பள்ளிக்கு ஏற்றது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் ஆகிய இருவர் 1999 இல் இதன் வேலையைத் தொடங்கினர். 2000 ஆம் ஆண்டு மே மாதம் அது வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. 2021 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தபோது, பதிவைச் சேமிக்கும் முறையே மாறிற்று.

பழைய முறை எப்படி இருந்தது? ஒரு பதிவைச் சேமித்தால் ஏ.யூ.பி. என்று முடியும் ஒரு சிறு கோப்பும், அதன் பக்கத்திலேயே ஒரு கோப்புறையும் உண்டாகும். ஒலி முழுவதும் அந்தக் கோப்புறைக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். வழக்கமான அமைப்பில் ஒரு துண்டு ஏறத்தாழ 6 விநாடி. ஒரு பாட்டி அரை மணி நேரம் பாடினால் 300 துண்டுகள். சிறு கோப்பு என்பது தோட்டத்துக் கிராணியாரின் கணக்குப் புத்தகம் போன்றது. எந்த வாளியில் எவ்வளவு பால் என்று அதில் எழுதியிருக்கும். பால் அதில் இராது. விவரம் அறியாதவர் கணக்குப் புத்தகத்தை மட்டும் விரலியில் எடுத்துக்கொண்டு போய் வேறு கணினியில் திறந்தால், கோடுகள் வரும், குரல் வராது.

புதிய பதிப்பு இத்தனையையும் ஏ.யூ.பி.3 என்னும் ஒரே கோப்புக்குள் வைத்துவிட்டது. துண்டுகள் சிதறிப்போகும் அச்சம் நீங்கிற்று. இது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இது ஒருவழிப் பாதை. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறந்து புதிய வடிவில் சேமித்துக்கொள்ளும். பழைய மூலத்தை அப்படியே விட்டுவைக்கும். பழைய பதிப்போ புதிய கோப்பைத் திறக்காது. பள்ளியில் ஒரு கணினியில் புதியதும் மற்றொன்றில் பழையதும் இருந்தால், காலையில் ஓர் ஆசிரியை செய்த வேலையை மாலையில் மற்றொருவர் தொடர முடியாது. அதனால் எல்லாக் கணினிகளையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். அதையும் பள்ளி விடுமுறையில் செய்வதே முறை. கலைவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு திரையில் வந்தால், மறுத்துவிடுவதில் தவறில்லை. இன்னொன்று, விரலிகள் பலவும் ஃபேட் 32 என்னும் பழைய அமைப்பில் உள்ளவை. 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அவை ஏற்கமாட்டா. புதிய முறையில் எல்லாம் ஒரே கோப்பாகிவிட்டதால், வேலையைக் கணினியின் சொந்த வட்டில்தான் செய்ய வேண்டும்.

இனி, கைப்பழக்கத்துக்கு வருவோம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 3.1 பதிப்பில், ஒலித்துண்டை இடம் நகர்த்தும் கருவி ஒன்று கருவிப்பட்டையிலிருந்தே நீக்கப்பட்டது. துண்டின் மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் போதும் என்றாயிற்று. 2022 செப்டம்பரில் வந்த 3.2 இல், ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுக்கும் பட்டை மறைந்து ஒரு பொத்தானுக்குள் போயிற்று. புதிதாகக் கற்பவருக்கு இவை எளிமை. பத்தாண்டு பழகியவருக்குக் கை தடுமாறும். பழைய மரங்களில் மேல்நோக்கி வெட்டும் முறை வந்தபோது, கீழ்நோக்கி வெட்டிப் பழகிய கைகள் பட்ட பாட்டைத் தோட்டத்தில் வளர்ந்தவர் அறிவர். மரமும் அதுவே, பாலும் அதுவே. கத்தியின் போக்குத்தான் வேறு. ஒலிப்பதிவிலும் காது கற்றது எதுவும் வீணாகவில்லை. ஒலிவாங்கியை வாயிலிருந்து எவ்வளவு தூரம் வைப்பது, மின்விசிறியை எப்போது நிறுத்துவது, குரல் உச்சத்தில் சிதைகிறதா என்று கேட்டறிவது ஆகியவை எந்தப் பதிப்பிலும் மாறா. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவரே மாறிய பொத்தான்களை முதலில் கண்டுபிடித்துக் காட்டுவர். அதற்கு ஆசிரியர் கூச்சப்பட வேண்டியதில்லை.

3.1 பதிப்பின் மற்றொரு மாற்றம் கண்ணுக்கு எளிதில் படாது. எனினும் அதுவே மிகவும் கவனிக்கத்தக்கது. முன்பு ஒரு பதிவின் ஓரத்தை வெட்டிச் சேமித்து மூடினால், அப்பகுதி போனது போனதுதான். இப்போது ஓரத்தை இழுத்துச் சுருக்கினால் அப்பகுதி மறைகிறதே தவிர அழிவதில்லை. மீண்டும் இழுத்தால் மீண்டும் வரும். தவறி வெட்டியவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், தாலாட்டுப் பாடத் தொடங்குமுன் ஒரு பாட்டி தம் மருமகளைப் பற்றியோ இழந்த பிள்ளையைப் பற்றியோ மனம்விட்டு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். "ஐயா, இதை வெளியே விட்டுடாதீங்க" என்றும் சொல்லியிருப்பார். நாமும் ஓரத்தைச் சுருக்கிவிட்டோம் என்று அமைதியடைவோம். அந்த ஏ.யூ.பி.3 கோப்பைப் பிறரிடம் கொடுத்தால், மறைந்த பேச்சும் கூடவே போகும். வெளியே கொடுப்பது எதுவாயினும், பாட்டை மட்டும் தனி ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்தே கொடுக்க வேண்டும்.

மென்பொருளின் உரிமையும் கைமாறும் என்பதை மறக்கலாகாது. ஆடாசிட்டியை 2021 இல் மியூஸ் குழுமம் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட தனியுரிமை அறிவிப்பில், 13 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தலாகாது என்ற வாசகம் இருந்தது. நம் பள்ளிப் பிள்ளைகளோ 7 முதல் 12 வயதினர்! பயனீட்டாளரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அறிவிப்பு பின்னர்த் திருத்தி எழுதப்பட்டது. இது புதிய கதையன்று. 2002 இல் எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியபோது, அதன் லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. விண்டோஸில் வேலை செய்தவர் நடுவழியில் நின்றனர். கேக்வாக் மென்பொருளை இனி வளர்ப்பதில்லை என்று கிப்சன் நிறுவனம் 2017 நவம்பரில் அறிவித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை எடுத்து இலவசமாக்கிற்று. அந்த மூன்று மாதம் அதைக்கொண்டு இசையமைத்தோர் எப்படி உறங்கியிருப்பார்களோ!

இதனால்தான் முடிந்த பதிவு ஒவ்வொன்றையும் வேவ் வடிவில் ஒரு படி எடுத்துவைக்க வேண்டும் என்கிறேன். 1991 இல் ஐபிஎம்மும் மைக்ரோசாப்டும் வகுத்த இவ்வடிவத்தை ஏறத்தாழ எல்லா ஒலிப்பதிவு மென்பொருளும் படிக்கும். எம்.பி.3 போல ஒலியைச் சுருக்குவதில்லை. குறுந்தட்டுத் தரத்தில், ஒற்றைத் தடத்தில், ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 320 மெகாபைட் அளவு. காத்து வைப்பதற்கென்றால் 48,000 மாதிரி, 24 பிட் என்ற அளவை ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கிறது. அது சற்றே இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பழைய பதிப்பில் செய்த பதிவுகள் உங்கள் பள்ளி அலமாரியிலோ வீட்டிலோ இருந்தால், கோப்பையும் கோப்புறையையும் பிரிக்காமல் சேர்த்தே படியெடுங்கள். பிறகு புதிய பதிப்பில் திறந்து, தலைமுதல் கால்வரை ஒருமுறை கேளுங்கள். எங்காவது ஆறு விநாடி மௌனம் குறுக்கிட்டால், ஒரு துண்டு விடுபட்டிருக்கலாம்; மூலக் கணினியில் தேடுங்கள். குறையில்லை என்று கண்ட பிறகு வேவ் கோப்பாக்கி, இரண்டு வட்டுகளில், இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டும் தோட்டமும் இருக்கட்டும். பாடியவர் பெயர், பிரிவு, எந்த வேளையில் பாடும் பாட்டு, வெளியிட அவர் இசைந்தாரா இல்லையா ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறக்க எந்தப் பதிப்பும் வேண்டியதில்லை.