பூட்டும் பெருமையும்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேயிலை மலையிலே கணினியைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். சேமலாப நிதிப் பணத்தை எடுத்துப் பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அது கொழுந்துக் கூடையிலிருந்து வந்த பணம். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கிறோமே, விளம்பரக்காரர் சொல்லையும் அப்படி நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

ஆப்பிள் கம்பனியார் 2006ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஒரு விளம்பரத் தொடரை நடத்தினர். மற்றக் கணினிகளுக்கு வைரஸ் நோய், தங்கள் மாக் கணினிக்கு அந்தக் கவலை இல்லை என்று அதில் பெருமை பேசினர். விண்டோஸ் வைரஸ் மாக்கைப் பிடிப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் மாக்குக்கென்றே எழுதிய வைரஸ் வந்தால்?

2012ஆம் ஆண்டு அப்படியொன்று பெரிதாகப் பரவியது. 'பிளாஷ்பாக்' என்பது அதன் பெயர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மாக் கணினிகளை அது பிடித்தது. அது நுழைந்த ஓட்டை ஜாவா என்னும் மென்பொருளில் இருந்தது. ஜாவாவின் உரிமையாளர் பெப்ரவரியிலேயே அதற்குத் திருத்தம் வெளியிட்டனர். ஆப்பிள் தன் கணினிகளுக்கு அதை ஏப்ரலில்தான் வழங்கியது. சில மாதங்களில் கம்பனியின் பெருமைப் பேச்சும் மெல்ல மாறியது.

நம் மலைகளிலே முன்பு கோப்பி செழித்தது. 1869இல் இலைநோய் கண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. எங்கும் ஒரே பயிராய் நின்றதால் நோய்க்கு வழி எளிதாயிற்று. வைரஸ் எழுதுவோரும் அதிகம் பேர் வைத்திருக்கும் கணினியையே முதலில் தேடுவர். மாக் தப்பியிருந்ததற்கு அதன் நல்ல அமைப்பு ஒரு காரணம்; எண்ணிக்கையில் அது குறைவாயிருந்தது மற்றொரு காரணம். இரண்டாவதை விளம்பரம் சொல்லவில்லை.

நம் நாட்டு நிலை என்ன? 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைப் பணயப்பணம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய மென்பொருளே அங்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களுக்குரிய பிரதியும் இருக்கவில்லை.

ஆகவே, வாலிபர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். திருத்தம் வந்தவுடன் ஏற்றுங்கள். முக்கியமானவற்றுக்குப் பிரதி எடுத்து, கணினியோடு இணைக்காமல் தனியே வையுங்கள். பழைய கணினியோ போனோ வாங்குமுன், அதற்குத் திருத்தம் இன்னும் வருகிறதா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றன. அத்தகைய கணினியைப் 'பத்திரமானது' என்று விற்பவரை நம்பி ஏமாறாதீர்கள்.

பெரியோர்களே, பூட்டு எவ்வளவு உயர்ந்ததாயினும், இரவில் கதவைச் சாத்த வேண்டியவர் வீட்டுக்காரரே. அந்தப் பொறுப்பைக் கடைக்காரர் ஏற்கமாட்டார்.