கைக்குள் அடங்கும் சிற்றலை வானொலி



சட்டைப் பையில் அடங்கிவிடக்கூடிய சிற்றலை வானொலிப் பெட்டியே இன்றைய பேச்சின் பொருள். அதை எவ்வாறு பயன்படுத்துவது, அது நல்ல பெட்டிதானா என்று எவ்வாறு எடை போடுவது, இந்நாளில் அதை வாங்கத்தான் வேண்டுமா என்னும் மூன்று வினாக்களை எடுத்துக்கொள்வோம். பம்பாயின் கிழக்கு ஓரத்தில், செம்பூருக்கும் மான்குர்டுக்கும் இடையே உள்ள கோவண்டியில் குடியிருப்பவன் என்ற முறையில், அவ்வூர் வீடுகளை மனத்தில் வைத்தே பேசுகிறேன். ஆயினும், சொல்லப்போவது நெருக்கமாக வீடுகள் அமைந்த எந்த நகருக்கும் பொருந்தும்.

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளாகும். பண்பலை ஒலிபரப்பு ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தொலைவோடு நின்றுவிடும். சிற்றலையோ வானத்தை நோக்கி எழுந்து, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பூமியில் இறங்குகிறது. இந்த மண்டலம் மெய்யாகவே உள்ளது என்பதை ஆங்கில விஞ்ஞானி ஆப்பிள்டன் 1924-ஆம் ஆண்டில் சோதனையால் நிறுவினார். நம் நாட்டில், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சிசிர் குமார் மித்ரா இத்துறையில் அரும்பணி ஆற்றினார். மேல் வளிமண்டலத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1947-இல் வெளிவந்தது.

இந்த அலைகளுக்கும் பம்பாய்க்கும் பழைய உறவு உண்டு. 1952-ஆம் ஆண்டையொட்டி அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப்போன காலத்தில், அமீன் சயானி வழங்கிய 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகி, விமானத்தில் கொழும்புக்குச் சென்று, இலங்கை வானொலியின் சிற்றலையில் ஏறி, மீண்டும் பம்பாய் வீடுகளுக்கே வந்து சேர்ந்தது. சுமார் 1,500 கிலோமீட்டர் போய்த் திரும்பிய பாட்டை, பக்கத்துத் தெருவில் பாடியது போல மக்கள் கேட்டார்கள்.

பாட்டைவிடப் பெரிய தேவைக்கும் சிற்றலை உதவியதுண்டு. 1990-க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பாட்டரி கொண்டுவரவும் தடை இருந்தது. அந்நாளில் மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் பெட்டியை இயக்கி, லண்டன் பி.பி.சி.யின் தமிழோசையைக் கேட்டார்கள். உறவினர் இருந்த ஊரில் குண்டு விழுந்ததா என்று அறிய அவர்களுக்கு வேறு வழி அரிதாக இருந்தது. அந்தத் தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. பி.பி.சி.யின் இந்திச் சிற்றலைச் சேவையும் 2020-இல் ஓய்ந்தது. ஆகவே, இன்று பெட்டி வாங்குவோர் 1960-களில் நிறைந்திருந்த வானத்தை எதிர்பார்த்து வாங்கலாகாது. நிலையங்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் வானம் வெறுமையாகிவிடவில்லை.

இனி, பெட்டியை எடை போடும் முறைக்கு வருவோம். லாமிங்டன் சாலைக் கடையில் பெட்டியை வாங்குகிறவர் முதலில் கேட்பது, 'எத்தனை ஸ்டேஷன் எடுக்கும்?' என்பதே. அது சரியான கேள்வி அன்று. இரண்டு நிலையங்களை ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்துத் தருகிறதா, பிடித்த நிலையத்தைப் பத்து நிமிடம் நழுவாமல் வைத்திருக்கிறதா என்பவையே கேட்க வேண்டியவை.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சீனாவின் நேரக்குறிப்பு நிலையம் ஒன்று 5, 10 மெகாஹெர்ட்ஸ்களில் வினாடிதோறும் 'டிக், டிக்' என்று ஒலிக்கிறது. இருட்டிய பின் 10 மெகாஹெர்ட்ஸில் அதைத் தேடுங்கள். எண்முகப்பு 10-ஐக் காட்டும்போதே அது கேட்டால் முகப்பு நேர்மையானது. பின்னர் 9.09 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழிறங்கிப் பாருங்கள். அங்கேயும் அதே டிக் ஒலி கேட்குமாயின், அது நிலையமன்று; நிலையத்தின் நிழல். மலிவான பெட்டிகள் பலவற்றில், உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலை ஒன்றே இருப்பதால், வலுவான நிலையம் ஒவ்வொன்றும் அதன் இருமடங்காகிய 910 கிலோஹெர்ட்ஸ் கீழே இன்னொரு முறை தோன்றும். 'நூறு ஸ்டேஷன்' என்ற பெருமையில் பாதி இத்தகைய நிழல்களாக இருக்கலாம்.

அடுத்து, பெட்டியைக் குறை கூறுமுன் வீட்டைச் சோதிக்க வேண்டும். கோவண்டியில் பத்தடிக்குப் பத்தடி அறைகள் சுவரோடு சுவராக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் எல்.இ.டி. விளக்கு, செல்பேசிச் சார்ஜர், தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை உண்டு. இவை ஒவ்வொன்றும் சிற்றலையில் 'கர்' என்ற இரைச்சலைக் கிளப்பக்கூடியவை. பெட்டியைப் பாட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றம் வீட்டினுடையது. அடங்காவிட்டால் ஜன்னலோரமோ மாடியோ சென்று பாருங்கள். இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய சுவர்களுக்கு நடுவே சிற்றலை தளர்ந்துவிடும். ஜன்னலில் இரண்டடி தள்ளி வைப்பதே சில சமயம் பெரிய ஏரியலுக்கு ஈடாகும்.

பெட்டியின் நீட்டுக்கம்பியில் மூன்று நான்கு மீட்டர் மெல்லிய கம்பியைச் சேர்த்து ஜன்னல் உட்புறம் கட்டினால் ஒலி வலுக்கும். அதற்கு மேல் நீளம் வேண்டா. சிறிய பெட்டி திணறிப் போகும். அக்கம்பியை மின்கம்பத்தின் பக்கமோ ரயில் பாதையின் பக்கமோ எறிவது உயிருக்கே ஆபத்து. துறைமுகப் பாதையின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். இடி மின்னல் காலத்தில் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

நேரமும் அறிந்து கேட்க வேண்டும். பகலில் 19, 16 மீட்டர்ப் பகுதிகளும், இருட்டிய பின் 49, 41, 31 மீட்டர்ப் பகுதிகளும் பயன்தரும். இரவு எட்டு மணிக்கு 16 மீட்டரில் தேடிவிட்டு, 'பெட்டி ஊமை' என்று முடிவு கட்டுவது பெட்டிக்கு இழைக்கும் அநீதி.

கேட்டதை அளந்து எழுத, உலகெங்கும் வழங்கும் ஐந்தெண் முறை ஒன்று உண்டு. ஒலியின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலையின் மங்கல், மொத்தத் தகுதி ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை எண் கொடுக்க வேண்டும். ஐந்து மிகச் சிறந்தது. ஒன்று மிக மோசம். ஒரு வாரம், ஒரே நேரத்தில், ஒரே நிலையத்தைக் கேட்டு எழுதிய ஏழு வரிகள், கடைக்காரர் சொல்லும் எழுபது வரிகளைவிட உண்மையானவை. இவ்வறிக்கையை நிலையத்துக்கே அனுப்பினால், கேட்டதை உறுதி செய்யும் அட்டை அனுப்பும் வழக்கமும் உண்டு.

வாங்கத்தான் வேண்டுமா? என் விடை இது. முதலில் மத்திய அலையும் பண்பலையும் நன்றாக எடுக்கும் பெட்டியாக அது இருக்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, ரயில் நின்று, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அற்றுப்போன நகரம் இது. அத்தகைய இரவில் நமக்கு முதலில் வேண்டியது லண்டன் குரலன்று. உள்ளூர் நிலையத்தின் குரல். சாதாரணப் பாட்டரி இரண்டில் ஓடும் பெட்டியே அன்று கைகொடுக்கும். உபயோகிக்காத காலத்தில் பாட்டரிகளைக் கழற்றி வைத்தால் அவை கசிந்து பெட்டியைக் கெடுக்கா.

இவை அமைந்த பின்னர் சிற்றலையும் இருந்தால் அது நல்ல பேறு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு அதன் அருமை நன்கு தெரியும். ஒரு நாட்டு வானொலி 'தாக்குதல்' என்று சொல்வதை மற்றொரு நாட்டு வானொலி 'பதிலடி' என்று சொல்லும். ஒன்று 'அகதிகள்' என்பாரை மற்றொன்று 'ஊடுருவியோர்' என்னும். இரண்டையும் ஒரே மாலையில் கேட்பவர், சொல்லுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே உள்ள தூரத்தைத் தாமே அளந்துகொள்கிறார். அவருக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று இடையில் நின்று தீர்மானிப்பவர் இல்லை; மாதக் கட்டணம் இல்லை; அவர் எதைக் கேட்டார் என்ற கணக்கை அந்தப் பெட்டி எவருக்கும் அனுப்புவதும் இல்லை.

ஆகவே, நிலையங்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல், தொலைதூரக் குரல் ஒன்று நம் வீட்டு ஜன்னலோரத்தில் தொடக்கமுதல் முடிவுவரை பொருள் விளங்கக் கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த ஒன்றைச் செய்யும் பெட்டி, விலை குறைவாயினும் நல்ல பெட்டியே.