நாம் எழுத வேண்டிய மொய்



நம் பேராவூரணியில் பச்சைப் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் "தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்கிறோம். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு தாண்டி ஆம்புலன்ஸ் போய் நிற்கிற இடம் ராசா மிராசுதார் மருத்துவமனை. அதைக் கட்டியது யார்?

1875-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தார். அதன் நினைவாக மருத்துவமனை கட்டத் தஞ்சைச் சீமையில் நிதி திரட்டினார்கள். அரச குடும்பமும் மிராசுதார்களும் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் பொறிக்கப்படாதவர்களையும் இந்த மேடையில் நான் வணங்குகிறேன். மிராசுதார் கொடுத்தது நெல் விற்ற பணம். அந்த நெல்லை நட்டு, அறுத்து, களம் சேர்த்தவர்கள் பண்ணையாட்கள். அவர்கள் உழைப்பும் சேர்ந்துதான் அந்தக் கட்டடம் எழுந்தது.

1950-களின் இறுதியில், காமராசர் ஆட்சியில், தஞ்சை மருத்துவக் கல்லூரி உருவானது. பழைய மருத்துவமனை அதனோடு இணைந்தது. இன்று அங்கே மகப்பேறும் குழந்தை மருத்துவமும் நடக்கின்றன.

நம் கடைமடைக்குக் கல்லணைக் கால்வாயில் காவிரி வந்தது 1934-இல், மேட்டூர் அணையோடு. மருத்துவமனை எழுந்த காலத்தில் நம்முடையது வானம் பார்த்த பூமி. அந்த நிதிக்கு அள்ளிக் கொடுக்க நம் முன்னோரிடம் என்ன இருந்திருக்கும்? ஆனாலும், எந்த ஊர், என்ன கொடுத்தாய் என்று கேட்காமல் நம் பிள்ளைகளைக் காப்பாற்றித் தந்திருக்கிறது அந்த மருத்துவமனை.

ஆடி பிறந்தால் மொய் விருந்து நடத்துகிற ஊர் இது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவனை நாம் மதிப்பதில்லை. திருப்பிச் செய்யும்போதும் மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் செய்கிறோம். அந்த மருத்துவமனையிடம் வாங்கிய மொய் மட்டும் நம் நோட்டில் ஏறவே இல்லை!

ஆகவே ஒன்று கேட்கிறேன். இனி ஒவ்வொரு மொய் விருந்திலும் முதல் வரியை ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு எழுதுங்கள். பிள்ளையோடு துணைக்குப் போய்த் தங்கும் ஏழைத் தாய்மார்களின் சாப்பாட்டுக்கு அந்தப் பணம் போகட்டும். கஜா புயலுக்குப் பின் பெரியகுளத்தைத் தூர்வாரக் கைகோத்த இளைஞர்களே, ரத்ததானம் உங்கள் பங்கு.

மிராசுதார்கள் நிலம் வைத்திருந்ததால் கொடுத்தார்கள். நாம் நன்றி உள்ளவர்கள் என்பதால் கொடுப்போம். வரும் ஆடியிலேயே தொடங்குவோம்.